காஸ்டா ஓவியங்களை (ஸ்பானியர் ஆண்ட மெக்சிகோவில் கலப்புக் குடும்பங்களை வகை வகையாப் பிரிச்சு வரைஞ்ச படங்கள்) நேரில் பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா?

பயணப்பை:
போன வருஷம் மாட்ரிட். எல்லாரும் பிராதோ அருங்காட்சியகத்துக்கு ஓடுவாங்க. மூசியோ தெ அமெரிக்கா அருங்காட்சியகத்தில் அன்னைக்கு நானும் காவலாளியும்தான். ஓவியர் ஆந்த்ரேஸ் தெ இஸ்லாஸ் 1774ல் வரைஞ்ச வரிசை, 4ஆம் படம். ஸ்பானிய அப்பா, கறுப்பின அம்மா, 'முலாத்தா' மகள். சமையலறையில் அம்மா அப்பா தலைமுடியைப் பிடிச்சு அடிக்க ஓங்குறா. என்னைப் படுத்துறது அந்த அடி இல்ல. அந்தச் சின்னப் பொண்ணு விலக்கிவிடப் பார்த்து அம்மா பாவாடையைப் பிடிச்சு இழுக்குது. வீட்டுக்குள்ள சண்டை, படத்துல அவ என்ன ரகம்னு எழுத்து. பேர் கிடையாது.

அரைப்படி:
நான் பார்த்தது மெக்சிகோவில், தெபோட்சொட்லான் அருங்காட்சியகத்தில். ஒரே துணியில் 16 கட்டம், ஓவியர் யாருன்னு தெரியாது. கட்டத்துக்கு ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு குழந்தை. 14ஆம் கட்டத்துக் குழந்தையோட ரகத்துக்குப் பேரு 'அந்தரத்துல நில்லு', 15க்கு 'நீ எனக்குப் புரியலை'. வழிகாட்டி வாசிச்சதும் குழுவே சிரிச்சது, நானும் சிரிச்சேன். பக்கத்துல நின்ன உள்ளூர்ப் பெரியவர் மட்டும் சிரிக்கல. வெளிய வந்து ஒரு மணி நேரம் யார்கிட்டயும் பேசல நான்.

கொல்லைப்புறம்:
இதுக்கு ஏன் மெக்சிகோ வரை? தஞ்சாவூர்ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களுக்கு வரைஞ்சு கொடுத்த சாதி ஜோடிப் படங்களும் இதேதானே.

அரைப்படி:
@கொல்லைப்புறம் இல்லைங்க. தஞ்சாவூர்ப் படத்துல புருஷன் பொண்டாட்டி ஒரே சாதி. தொழிலும் உடையும் காட்டி 'இவங்க இன்னார்'னு சொல்றதோட சரி. காஸ்டாவுக்குக் கலப்புதான் சரக்கே. ஸ்பானியரும் 'இந்தியப்' பெண்ணும் (அமெரிக்கப் பூர்வகுடி, நம்ம இந்தியா இல்ல) சேர்ந்தா மெஸ்திசோ, அவங்க மறுபடி ஸ்பானியரோட சேர்ந்தா அடுத்த தலைமுறை காஸ்திசோ, அதுக்கடுத்தது மறுபடி ஸ்பானியர். கறுப்பினக் கலப்புக்கு அந்த வழி கிடையாது. ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீங்க.

கொல்லைப்புறம்:
வாங்கினவன் யாருன்னு பாருங்க. அங்கயும் இங்கயும் ஊருக்குக் கொண்டுபோய்க் காட்ட ஆசைப்பட்ட துரைமார்தான். அதைத்தான் சொன்னேன்.

நல்லெண்ணெய்:
நான் நேரில் பார்க்கல, புத்தகத்துலதான். மிகேல் கப்ரேராங்கிற ஓவியர் வரைஞ்ச காஸ்டா வரிசை, 1763. 'தோர்னா ஆத்ராஸ்', அதாவது பின்னாடி திரும்பினது. அப்பா அம்மாவைவிட பிள்ளை கறுப்பு. எனக்குப் பெண் பிறந்த அன்னைக்குப் பெரியம்மா காது மடலைத் திருப்பிப் பார்த்துட்டு "கறுப்பாத்தான் வரும்"னாங்க. அந்தப் பக்கத்தை அப்படியே மூடிட்டேன்.

இனிமே பார்க்கப் போறவங்களுக்கு: மாட்ரிட்னா திங்கட்கிழமை போகாதீங்க, மூடியிருக்கும். எண் வரிசையிலயே பாருங்க, தாவாதீங்க. முகத்தை விட்டுட்டு முதல்ல துணியைப் பாருங்க. பெரும்பாலான வரிசையில ஆரம்பத்துல பட்டும் சரிகையும், போகப் போகக் கிழிசல். நிறமும் வசதியும் ஒண்ணா இறங்கும், அதுதான் அந்தப் படங்களோட சூது. லூயிஸ் தெ மேனாங்கிற ஓவியரோட படத்தை விட்டுடாதீங்க. மேல குவாதலூப்பே மாதா, நடுவுல குடும்பங்கள், கீழ பழங்கள். பழத்துக்கும் எண் போட்டிருக்கான் மனுஷன். அதுல ஸ்பானியப் பெண்ணுக்குப் பூர்வகுடிக் கணவன், அது அபூர்வம். அப்புறம் கப்ரேராவோட 6ஆம் படம் கலிபோர்னியாவுல ஒரு வீட்டு சோபாவுக்கு அடியில சுருட்டிக் கிடந்தது, பிறகு லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்துக்கு வந்துச்சு. அதனால உங்க வீட்டுப் பரண்ல பழைய படம் ஏதாவது இருந்தா ஈரத்துணியால துடைச்சுடாதீங்க.

பயணப்பை:
@நல்லெண்ணெய் பரண்ல எங்க வீட்டுல அண்டாதான் இருக்கு. துணியைப் பார்க்கணும்னு சொன்னீங்களேன்னு என் போட்டோவை இப்பப் பெருசாக்கிப் பார்த்தேன். அந்தக் குழந்தை கைக்குத்தான் திரும்பத் திரும்பப் போகுது கண்ணு.

உங்க பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?