புதுப்பிப்பு: குன்னூர் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவுகள்

ஐப்பசி மழையில் கதவுகள் உப்பி மூட மறுக்கின்றன, புதியவற்றுக்கு எப்படி அளவெடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

கைகொடுத்தது, "பழைய கதவை அளக்காதீர்கள், கதவு மூடும் திறப்பின் அகலத்தை மூன்று இடங்களில் அளங்கள்" என்ற யோசனைதான். மேலே 763 மி.மீ., நடுவிலும் கீழேயும் 760. பழைய கதவை நம்பியிருந்தால் உப்பிய அளவையே கொடுத்திருப்பேன். பெரிய அளவை எடுத்து, சட்டத்தின் மேல் படிய இருபுறமும் 15 மி.மீ. கூட்டி, நடு இடைவெளிக்கு 3 கழித்து, இரண்டாக வகுத்தேன். கதவு ஒன்றுக்கு 395 மி.மீ. 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) ஆசாரி கச்சிதமாக வெட்டித் தந்தார்.

டிராயர் முகப்புகளை இருபக்க டேப்பால் ஒட்டிப் பார்த்து, பிறகு உள்ளிருந்து திருகாணி போடச் சொன்னவருக்குத் தனி நன்றி. ஒன்றுகூடக் கோணவில்லை.

எதிர்பாராதது ஒன்று. கழற்றிய கதவுகளைத் திருப்பிப் பார்த்தபோது, ஓரங்களைவிடக் கீலுக்காகக் குடைந்த 35 மி.மீ. குழியைச் சுற்றித்தான் பலகை அதிகம் பொரிந்திருந்தது. விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. ஓரத்துக்குப் பட்டை ஒட்டியவர்கள் குழியை அப்படியே விட்டிருக்கிறார்கள். இம்முறை கீல் மாட்டும் முன் ஒவ்வொரு குழிக்குள்ளும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து ஒரு நாள் காயவிட்டேன். மலையில் இருப்பவர்கள் இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஒரு கதவு சற்றே தாழ்ந்து நின்றது. கீலின் திருகைத் திருப்பியதும் சரியாகிவிட்டது.