கவிதை நாளைக் கொண்டாடுகிறோம், கவிதையைப் படிக்கிறோமா?

கேள்வி: ஓரடி வாசகன்

1999-ஆம் ஆண்டு யுனெஸ்கோ, மார்ச் 21-ஐ உலகக் கவிதை நாளாக அறிவித்தது. ஆண்டுதோறும் அன்று வாழ்த்துகள் குவிகின்றன. மறுநாள் கவிதை நூலைத் தொடுவாரில்லை. 1814-இல் ஆங்கிலக் கவிஞர் பைரனின் ‘தி கோர்செயர்’ என்னும் நெடுங்கவிதை வெளியான அன்றே 10,000 படிகள் விற்றன. இன்றோ, கவிஞர்களின் நூல்களைப் பெரும்பாலும் கவிஞர்களே வாங்குவதாகத் தோன்றுகிறது. கவிதை கடினமாகிவிட்டதா, அல்லது நமக்குப் பொறுமை போய்விட்டதா?

மறுமொழி: ஏட்டுச்சுவடி

கடினம் காரணமாக இருக்க முடியாது, நண்பரே. பழம்பாடல்கள் எந்தக் காலத்தில் எளிதாக இருந்தன? முன்பு கதை கேட்கவும், இறைவனை வேண்டவும், மருந்துச் சரக்குகளின் அளவை நினைவில் வைக்கவும், ஒரு சொல்லுக்குப் பொருள் தேடவும்கூட மக்களுக்குச் செய்யுளே கருவியாக இருந்தது. நம் பழைய அகராதிகளான நிகண்டுகள் முழுவதும் செய்யுள்தானே! அந்தாதியைப் பாருங்கள். ஒரு பாட்டு முடியும் சொல்லிலேயே அடுத்த பாட்டு தொடங்குவதால், நூறு பாட்டை ஒப்பிப்பவருக்கு அடுத்தது எது என்ற தடுமாற்றமே வராது. அச்சு வந்தபின் நினைவின் சுமையைத் தாள் ஏற்றுக்கொண்டது. கதையை நாவலும், இசையோடு கூடிய உணர்ச்சியைத் திரைப்பாட்டும் எடுத்துக்கொண்டன. ஆகவே மக்கள் கவிதையைக் கைவிட்டார்கள் என்பதைவிட, கவிதையின் வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின என்பதே சரி.

மறுமொழி: கணக்கன்

சரிவு ஒரே சீராக நடக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தேசியக் கலைகள் நிதியத்தின் ஆய்வின்படி, ஆண்டில் ஒரு முறையேனும் கவிதை படித்த பெரியவர்கள் 2012-இல் 6.7 விழுக்காட்டினர்; 2017-இல் 11.7. பதினெட்டு முதல் இருபத்து நான்கு வயதுக்குட்பட்டோரிடையே இந்த அளவு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. கைப்பேசியில் உலவும் நான்கு வரிகளும் இதில் சேர்ந்திருக்கலாம். அவற்றைக் கவிதை என்று ஒப்புக்கொள்ள எனக்கே தயக்கம்தான். ஆனாலும் படித்தவர்கள் படித்தவர்களே.

மறுமொழி: செவிவழி

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பள்ளியில் எனக்குக் கவிதை அறிமுகமானது ‘நயம் பாராட்டுக’ என்ற வினாவாகத்தான். எதுகை நயம், மோனை நயம், அணி நயம் என்று தலைப்பிட்டு, பாடலில் அடிக்கோடிட்டு எடுத்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் பாடலை வகுப்பில் ஒருவரும் வாய்விட்டுப் படித்ததாக நினைவில்லை. மோனை என்பது காதுக்கு உரியது. அதைப் பென்சிலால் தேடச் சொன்னார்கள். புதுக்கவிதைக்கும் இதே கதிதான். வரி எங்கே முறிகிறதோ அங்கே மூச்சு நிற்க வேண்டும்; அதை உரைநடைபோல ஒரே ஓட்டத்தில் கண்ணால் மேய்ந்துவிட்டு, ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறோம்.

மறுமொழி: ஓரடி வாசகன்

நன்றி. செவிவழி எழுதியதைப் பார்த்தபின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றை உரையைத் திறக்காமல் மூன்று முறை உரக்கப் படித்தேன். இரண்டாம் முறை எதுகை தானாகவே காதில் தட்டியது. பொருள் இன்னும் பாதிதான் பிடிபட்டிருக்கிறது, உ.வே.சா. 1937-இல் உரையுடன் வெளியிட்ட பதிப்பு கையில் இருக்கிறது, நாளை பிரிக்கிறேன்.