புதுச்சேரி – சேலம் விமான நிலையங்கள்: தொலைவும் பறக்கும் நேரமும்

தேவனாம்பட்டினத்தான் (கேள்வி):
கடலூரிலிருந்து என் தாயாரை ஓமலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மூட்டுவலியால் அவரால் ஐந்து மணி நேரம் பேருந்தில் உட்கார இயலாது. புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கும் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்கும் இடையே 191 கிலோமீட்டர் தொலைவு, 44 நிமிடப் பயணம் என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. பயணச்சீட்டு தேடினாலோ அப்படி ஒரு விமானமே தென்படவில்லை. அந்த 44 நிமிடம் எங்கிருந்து வந்தது?

லாஸ்பேட்டை வாசி:
ஐயா, 191 கி.மீ. சரியே. இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிட்ட நேர்வான்வழித் தொலைவு அது. கடல் மைலில் 103. நேரம்தான் வெறும் ஏட்டுக்கணக்கு. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறப்பதாக வைத்து வகுத்தால் 14 நிமிடம் வரும். விமானம் மேலெழும்பவும் தரையிறங்கவும் அரை மணி நேரத்தைக் கூட்டினால் உங்கள் 44 கிடைத்துவிடும். அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்பதைப் பற்றி அத்தகைய கணக்குக்குக் கவலையே இல்லை.

மேலும், நம் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர், சேலத்தில் சுமார் 1,800 மீட்டர் என்பதால் இங்கெல்லாம் வந்து போவது ஏடிஆர் 72 போன்ற சுழல்விசிறி விமானங்களே; அவற்றின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். புதுச்சேரி – பெங்களூரு நேர்த்தொலைவு 265 கி.மீ.; வகுத்துப் பார்த்தால் 32 நிமிடம்தான், ஆனால் கால அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். சக்கரம் உருளாதிருக்க வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, மறுமுனையில் வந்து நிற்கும் வரையிலான முழு நேரத்தையும், தரையிறங்கத் தன் முறை வரும் வரை வானில் காத்திருக்க நேர்ந்தால் அதற்கான இடைவெளியையும் சேர்த்தே அட்டவணை போடப்படுகிறது.

நெய்வேலிக்காரர்:
விமானத்தில்தான் போக வேண்டுமென்றால் பெங்களூரு வழியாகச் சுற்ற வேண்டும். அங்கிருந்து சேலம் இன்னும் 160 கி.மீ.; ஆக மொத்தம் 425 கி.மீ., நேர்த்தொலைவைப் போல் இரு மடங்குக்கும் மேல். கடலூரிலிருந்து லாஸ்பேட்டைக்கு ஒரு மணி நேரம், முன்கூட்டியே போய்க் காத்திருப்பது, பெங்களூரில் அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருப்பது எல்லாம் சேர்ந்தால் பொழுது அதிலேயே போய்விடும். ஏடிஆரில் பின்கதவு வழியாக ஏற வேண்டும், இருக்கைகளுக்கு நடுவே வழியும் குறுகல். சாதாரண சக்கர நாற்காலி கதவு வரைதான் உதவும். என்னைக் கேட்டால், விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியே வாடகைக் காரில் செல்வதே மேல். வேண்டிய இடத்தில் நிறுத்தி அம்மா காலை நீட்டிக்கொள்ளலாம். விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்கு ரயில் பாதையும் உண்டு.

புதுவைப் பயணி:
காரே நல்லது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அப்படியும் விமானத்தைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு பயணங்களையும் ஒரே முன்பதிவில் எடுங்கள்; தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது பயணச்சீட்டின் பணம் போனது போனதுதான். சக்கர நாற்காலி வேண்டும் என்பதையும் முன்பதிவு செய்யும்போதே குறிப்பிட்டுவிடுங்கள்.