புதுப்பிப்பு: அம்மாவின் ரொறன்ரோ ரிக்கெற் போட்டாச்சு

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவை ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடம் மலிவாக அனுப்ப எது நல்ல வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து டுபாய் வழியாக எமிரேற்ஸில் போட்டிருக்கிறேன், ஒரே ரிக்கெற்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை போய் அங்கிருந்து பறக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். கொழும்புக்கு இரவிரவாக வான் வண்டியில் போகும் களைப்பு இல்லை என்பதால் எனக்கும் அதில்தான் ஆசை. ஆனால் இரண்டும் தனித்தனி ரிக்கெற். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பெடுக்காது. சென்னையில் பெட்டிகளை எடுத்துத் திரும்பப் போட வெளியே வரவேண்டும், அதற்கு இந்திய விசாவும் வேண்டும். எழுபது தாண்டிய மனுசிக்கு அந்த அலைச்சலைக் கொடுக்க மனம் வரவில்லை.

நான் பார்த்த திகதிகளில் இஸ்தான்புல் வழி கொஞ்சம் மலிவுதான், ஆனால் இடையில் காத்திருப்பு மிக நீளம். யூலை, ஓகஸ்ட் பள்ளி விடுமுறையைத் தவிர்த்து ஒக்ரோபருக்குத் தள்ளியதில்தான் உண்மையான மிச்சம் வந்தது.

அப்புறம், வயதானவர்களை அனுப்புகிறவர்கள் ரிக்கெற் போடும்போதே சக்கர நாற்காலி உதவியைக் கேட்டு வையுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.