கோணக் குறி, & குறி, மேற்கோள் குறி: வேலையில் நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்

பயனர் தட்டியதைப் பக்கத்தில் காட்டும்போது எஸ்கேப் செய்ய வேண்டும், அதாவது இந்தக் குறிகளை பிரவுசர் நிரலாக எடுத்துக்கொள்ளாதபடி மாற்றி எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே, எப்போது செய்வது என்பதில்தான் ஊர்ப்பட்ட குழப்பம். மொத்த வியாபாரிகளுக்கு பில் போடும் ஒரு மென்பொருள் பராமரிப்புக்காக என்னிடம் வந்தது. பாதிக் கடைகளின் பெயரில் "& சன்ஸ்", "& கோ" என்று இருக்கும். முன்பு எழுதியவர்கள் டேட்டாபேஸில் போடும்போதே எஸ்கேப் செய்துவிட்டார்கள், அதனால் & என்ற ஒரு எழுத்து ஐந்து எழுத்தாகி உள்ளே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒழுங்காகத் தெரியும், எஸ்எம்எஸ்ஸிலும் எக்செல்லிலும் & பக்கத்தில் ஏ, எம், பி, அரைப்புள்ளி என்று வால் தொங்கும். திருத்தும் படிவம் தன் பங்குக்கு இன்னொரு தடவை எஸ்கேப் செய்ததால், கடைக்காரர் போன் நம்பரை மட்டும் மாற்றிச் சேமித்தால்கூட பெயரின் வால் இன்னும் கொஞ்சம் நீளும். பெயருக்கு ஒதுக்கிய இடம் நிரம்பியதும் அதன் கடைசியில் இருந்த ஊர்ப் பெயர் அறுந்துபோனது. டேட்டாபேஸில் மனிதர் தட்டியது அப்படியே இருக்க வேண்டும், காட்டும் இடத்தில்தான் எஸ்கேப். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

———

நான் பார்த்தது தமிழையே தின்றுவிட்டது. பழைய பிஎச்பி 5.3 தளம், கட்டுரைகளையெல்லாம் எச்டிஎம்எல்என்டிட்டீஸ் என்ற பிஎச்பியின் எஸ்கேப் கட்டளை வழியாக அனுப்பியிருந்தார்கள். 2012இல் 5.4 வரும்வரை, எழுத்துமுறையைச் சொல்லாவிட்டால் அது ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்று படிக்கும் ஐஎஸ்ஓ 8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுதிவைக்கப்படும் யுடிஎஃப்-8 முறையில் க, ம, ஒரு கொம்பு, ஒரு புள்ளி என ஒவ்வொன்றும் 3 பைட். அந்த பைட்களைத் தனித்தனி எழுத்தாகப் பிரித்துப் படித்தால் மேலே சாய்கோடு போட்ட ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, இப்படியே பக்கம் முழுக்க. எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸுக்கு மாற்றி யுடிஎஃப்-8 என்றும் எழுதிக் கொடுத்ததும் சரியானது, அது தொடுவது ஆபத்தான சில குறிகளை மட்டும்தான். ஆனால் ஒன்று, 2021இல் 8.1 வரும்வரை ஒற்றை மேற்கோளை அது தானாகத் தொடாது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

———

ஒற்றை மேற்கோள் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நிர்வாகத் திரையில் டி'சூசா என்ற பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் நீக்கும் பட்டன் வேலை செய்யவில்லை. எஸ்கேப் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஆனால் பெயரை, பட்டனை அழுத்தினால் ஓடும் ஆன்கிளிக்குக்குள், ஒற்றை மேற்கோள்களுக்கு நடுவே ஜாவாஸ்கிரிப்ட் சரமாக எழுதியிருந்தார்கள். பிரவுசர் முதலில் எச்டிஎம்எல் எஸ்கேப்பை அவிழ்த்துவிட்டு, அப்புறம்தான் ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுக்கும். அங்கே போனதும் அந்த மேற்கோள் சரத்தை முடித்துவிடுகிறது. பெயர் உடைந்ததால் பட்டனோடு போயிற்று, வேண்டுமென்றே தட்டுபவர் அதே ஓட்டையில் தன் நிரலை ஓட்டியிருப்பார். பெயரை டேட்டா அட்ரிபியூட்டில் (டேக்குக்குள் வெறும் தகவல் வைக்கும் இடம்) வைத்து, ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி மாற்றினோம்.

2010 செப்டம்பர் 21 அன்று ட்விட்டரில் நடந்ததும் மேற்கோள் குறியால்தான். ட்வீட்டில் போட்ட லிங்க்குக்குள் ஒரு @, அடுத்து ஒரு மேற்கோள், அவ்வளவுதான், அட்ரிபியூட்டை விட்டு வெளியே வந்து ஆன்மவுஸ்ஓவர் ஒட்டிக்கொண்டது. மவுஸை மேலே கொண்டுபோனாலே போதும், உங்கள் பெயரில் மறுட்வீட் ஆகிவிடும். அதை முந்தின மாதமே சரிசெய்ததாகவும் பிறகு வந்த ஒரு மாற்றத்தால் திரும்பிவிட்டதாகவும் அவர்களே சொன்னார்கள். எனக்குப் பயம் தருவது அந்தப் பகுதிதான். அதனால் நான் சேரும் எந்தத் திட்டத்திலும் டி'சூசா & "கோ", கூடவே கோணக் குறிகளுக்குள் எழுதும் ஒரு பி டேக், இதை ஒரு பயனரின் பெயராகவே டெஸ்டில் போட்டுவிடுவேன். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அது ஓடும்.

———

முதலில் எழுதிய அண்ணாவுக்கு ஒரு கேள்வி, ஏற்கெனவே கெட்டுப்போன பெயர்களை என்ன செய்தீர்கள்? இங்கேயும் அதே நிலைமைதான்.

———

தம்பி, முதலில் முழு டேட்டாபேஸையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயரையும் இனி மாற்றமே வராது என்னும்வரை திரும்பத் திரும்ப அவிழ்த்து அட்டவணையின் வேறொரு பத்தியில் எழுதினோம், பழையதை அழிக்கவில்லை. அதோடு காட்டும் பக்கங்கள் எல்லாவற்றிலும் எஸ்கேப் இருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் புதுப் பத்திக்கு மாறினோம், வரிசையை மாற்றினால் நடுவில் தளம் திறந்த வீடாகிவிடும். அறுந்துபோன பெயர்களை எந்த நிரலாலும் மீட்க முடியாது, பழைய அச்சு பில்களைப் பார்த்துக் கையால்தான் தட்டினோம்.