கென்டக்கி புகையிலை விவசாயிகளுக்குப் போனது மானியமா, விலையா?

வரப்போரம்:
அமெரிக்க விவசாய மானியக் கணக்கை கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாக மேய்ந்துகொண்டிருந்தேன். கென்டக்கி மாநிலத்தில் ஒரு சின்ன கவுன்ட்டி, 2005 முதல் 2014 வரை புகையிலைக்கு என்று பணம் போயிருக்கிறது, ஒருவருக்குப் பத்து வருடமும் ஏறக்குறைய அதே தொகை. மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஒரே தொகை என்றால் அது என்ன மானியம்? வாங்கியவர்களில் சிலருக்கு புளோரிடா முகவரி வேறு. புகை பிடிக்காதே என்று சொல்லும் அரசே இப்படிக் கொடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
அது பயிர் மானியம் இல்லை, கோட்டாவை ஒழித்ததற்கான ஈடு. 1938 சட்டத்திலிருந்து இன்ன நிலத்துக்கு இவ்வளவு புகையிலைதான் என்று அளவு வைத்திருந்தார்கள், வரத்தைக் கட்டுக்குள் வைத்து விலையைத் தாங்குவதற்காக. அந்தக் கோட்டா நிலத்தோடு ஒட்டியது, அதனால் அதுவே ஒரு சொத்து மாதிரி ஆகிவிட்டது. வயதாகி விவசாயத்தை விட்டவர்கள், ஊரை விட்டுப் போன வாரிசுகள் எல்லாம் அதைக் குத்தகைக்கு விட்டுச் சம்பாதித்தார்கள். 2004இல் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டம் இதை முடித்துவைத்தது. கோட்டா உரிமையாளருக்கு ஒரு பவுண்டு எடைக்கு 7 டாலர், பயிரிட்டவருக்கு 3 டாலர், பத்துத் தவணையில். 2,000 பவுண்டு கோட்டா என்றால் உரிமையாளருக்கு 14,000 டாலர், வருடத்துக்கு 1,400. நீங்கள் பார்த்த மாறாத தொகை இந்தத் தவணைதான்.

வரப்போரம்:
அதாவது வரப்பில் நின்றவருக்கு ஏழு, வயலில் இறங்கியவருக்கு மூன்று! அதுவும் மக்கள் வரிப்பணத்தில்?

மண்வெட்டி:
வரிப்பணம் இல்லை சார். சிகரெட், சுருட்டு, மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை என்று தயாரிப்பவர்களிடமும் இறக்குமதி செய்பவர்களிடமும் சந்தைப் பங்குக்கு ஏற்ப வசூலித்துத்தான் கொடுத்தார்கள். (அதைக் கடைசியில் சிகரெட் வாங்குபவர் தலையில் கட்டியிருப்பார்கள், அது வேறு கதை.) வேளாண்மைத் துறையின் கவுன்ட்டி அலுவலகம் பட்டுவாடா செய்ததால் மானியக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் பயிரிட்டவர் விஷயத்தில் உங்கள் ஆதங்கம் சரிதான். அவர் 2002, 2003, 2004 மூன்று வருடமும் விளைச்சலின் நட்ட அபாயத்தில் பங்கேற்றிருந்தால்தான் முழுத்தொகை, ஒரு வருடம் விட்டால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. வரியிலும் பாகுபாடு: உரிமையாளரின் பணம் சொத்து விற்ற வரவு, பயிரிட்டவருடையது சாதாரண வருமானம். பத்து வருடம் காத்திருக்க முடியாதவர்கள் தவணை உரிமையை நிதி நிறுவனங்களுக்குத் தள்ளுபடி விலையில் எழுதிக்கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
இன்னொன்றும் பாருங்கள். கோட்டாவோடு தாங்குவிலையும் (இதற்குக் கீழே போகாது என்று உறுதி தந்த விலை) போனது. அப்புறம் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டால்தான் புகையிலை. கென்டக்கியில் 2002இல் 29,000க்கு மேல் இருந்த புகையிலைப் பண்ணைகள் 2007இல் 8,000 சொச்சம். நாலைந்து ஏக்கர் வைத்து ஓட்டியவர்களில் பலருக்கு அந்தப் பணம் விலகுவதற்கான வழிச்செலவு, அவ்வளவுதான். 1998இல் சிகரெட் கம்பெனிகள் மாநிலங்களோடு செய்த வழக்குச் சமரசத்தில் கென்டக்கிக்கு வந்த பணத்தில் பாதியை மாற்று விவசாயத்துக்கு ஒதுக்கினார்கள், ஆனால் அது தனிக் கணக்கு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வரப்போரம்:
அப்படியானால் புளோரிடாக்காரர் புகையிலைச் செடியைத் தொட்டே பார்த்திருக்க மாட்டாரோ?

மண்வெட்டி:
தொடவே வேண்டாம். 2004 அக்டோபர் 22 அன்று கோட்டாவோடு நிலம் அவர் பேரில் இருந்தால் போதும்.