ஸ்பார்க் பிளக்கை அராவினால் மைலேஜ் கூடுமா?

கேள்வி:
வணக்கம். பெட்ரோல் காரின் இன்ஜினில் எரிபொருளைத் தீப்பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் வளைந்திருக்கும் தரை முனையை, மைய முனையின் பாதி வெளியே தெரியும்படி அராவினால் எரிபொருள் மிச்சமாகும் என்று மெக்கானிக் கூறுகிறார். செய்யலாமா?

மறுமொழி 1:
அவர் சொல்வதில் அடிப்படை உண்டு. புதிதாகப் பிறக்கும் சிறு சுடரின் வெப்பத்தைத் தரை முனையின் உலோகம் உறிஞ்சிக்கொள்வதால், அதைக் குறைத்தால் சுடர் எளிதாகப் பரவும். ஆயினும் நல்ல நிலையிலுள்ள இன்ஜினில் பெட்ரோல்-காற்றுக் கலவை ஏற்கெனவே ஏறத்தாழ முழுமையாக எரிந்துவிடுவதால், மைலேஜில் கண்கூடான மாற்றத்தை எதிர்பார்க்க இயலாது. மேலும், அராவிய முனை விரைவில் தேய்ந்து, இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி அகன்று, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலின் சுமை கூடும்.

மறுமொழி 2:
மைய முனையில் இரிடியம் உலோகம் கொண்ட இரிடியம் பிளக்கில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள அதன் மைய முனை எளிதில் உடைந்துவிடும். முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள்.

கேட்டவர்:
அளந்தேன். கையேட்டில் 1.1 மி.மீ. என்றிருக்க, என் பிளக்குகளில் 1.4 இருந்தது. புதியவற்றையே மாட்டுகிறேன்; மிக்க நன்றி.